புயலுக்கு முன் கைகொடுக்க நினைக்கும் டாக்டர் எந்தக் கதவைத் தட்டுவது?

பருவமழை நெருங்கும்போதெல்லாம் கடலோர மாவட்டங்களில் இருக்கும் டாக்டர்கள் சிலர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்பார்கள். "ஏதாவது செய்யணும் சார், எங்கே சேர்றதுன்னுதான் தெரியல." செஞ்சிலுவைச் சங்கமா, இந்திய மருத்துவச் சங்கத்தின் (ஐ.எம்.ஏ.) கிளையா, கலெக்டர் ஆபீஸா, வெளியூருக்குக் குழு அனுப்பும் தொண்டு நிறுவனமா? இல்லை, எங்கும் போகாமல் நம் தெருவை மட்டும் பார்த்துக்கொண்டால் போதுமா?

2004 சுனாமி, 2011 தானே புயல், 2015 வெள்ளம், 2018 கஜா புயல், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல், அது முடிந்த இரண்டே வாரத்தில் தூத்துக்குடி, திருநெல்வேலி வெள்ளம், 2024 ஃபெஞ்சல் புயல். ஒவ்வொன்றின் போதும் டாக்டர்கள் தாங்களாகவே கிளம்பிப் போனார்கள். ஒரே கல்யாண மண்டபத்தில் மூன்று மருத்துவக் குழுக்கள் உட்கார்ந்திருக்க, நான்கு கிலோமீட்டர் தள்ளியிருந்த குப்பத்துக்கு யாரும் போகாத நிலையும் பல இடங்களில் இருந்தது. போன டாக்டர்களின் அக்கறையில் குறை சொல்ல முடியாது. யார் எங்கே நிற்பது என்று மழைக்கு முன்பே யாரும் பேசி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

அதனால் இந்தக் கேள்வியை நான் இரண்டாகப் பிரித்துத்தான் பார்ப்பேன். மழைக்கு முந்தைய மாதங்களில் என் நேரத்தை யாருக்குத் தருவது என்பது ஒன்று. புயல் அடிக்கும் நாளில் நான் யாருடைய கணக்கில் இருப்பேன் என்பது இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே பதில் இருக்க வேண்டிய அவசியமில்லை. பெரும்பாலான டாக்டர்களுக்கு அது ஒன்றாக இருக்கவும் முடியாது.

## எதை வைத்து அளப்பது?

மழைக்கு முன் வேலை உண்டா? நான் அதிக எடை கொடுப்பது இதற்குத்தான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயில் நின்றுபோய், சுமார் 800 பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். அந்த நேரத்தில் வெளியிலிருந்து எந்த டாக்டரும் உள்ளே போயிருக்க முடியாது. ஊருக்குள் ஏற்கெனவே என்ன மருந்து இருந்ததோ, யாருக்கு என்ன தெரிந்திருந்ததோ, அதை வைத்துத்தான் சமாளித்தாக வேண்டும். எனவே ஒரு அமைப்பு மழைக்குப் பிறகு மட்டும் உங்களைக் கூப்பிடும் என்றால், அதன் மதிப்பை நான் பாதியாகக் குறைத்துவிடுவேன்.

யார் பெயரில் போகிறீர்கள்? பலரும் கவனிக்காமல் விடும் விஷயம் இது. பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005-இன் 73-ஆம் பிரிவு, அரசுக்காகவோ பேரிடர் ஆணையங்களுக்காகவோ உள்ளாட்சி அமைப்புக்காகவோ அந்தச் சட்டத்தின் கீழ் நல்லெண்ணத்தோடு வேலை செய்கிறவர்மீது வழக்குத் தொடர முடியாது என்கிறது. தானாகவே பையைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு பள்ளிக்கூடத்தில் ஊசி போடுகிற டாக்டர், இந்தப் பிரிவு தன்னையும் காக்கும் என்று நம்பி இருந்துவிட முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவும் உதவுகிறவரைக் காக்கிறதுதான், ஆனால் அது வாகன விபத்துக்கு மட்டும். எல்லோருக்கும் இலவசமாகச் செய்யும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 1995-இல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதனால் நுகர்வோர் மன்றம் இல்லை என்று ஆகுமே தவிர, சிவில் வழக்கும் குற்ற வழக்கும் இல்லாமல் போகாது. கவனக்குறைவால் மரணம் என்றால் புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு டாக்டர்களைத் தனியாகவே குறிப்பிடுகிறது. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. கிளம்பும் முன் கையில் ஒரு கடிதம் இருக்கட்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

பெயர் முன்கூட்டியே பதிவாகியிருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2001 செப்டம்பர் 11 தாக்குதலின்போது நியூயார்க்கில் உதவ வந்து நின்ற டாக்டர்கள் பலர் யார், எவர் என்று சரிபார்க்க வழியில்லாததால் அவர்களைப் பயன்படுத்திக்கொள்ள முடியவில்லை. அடுத்த ஆண்டே அமெரிக்கா, முன்கூட்டியே பதிவு செய்த தன்னார்வ மருத்துவர்களைக் கொண்டு மெடிக்கல் ரிசர்வ் கோர் என்ற அமைப்பைத் தொடங்கியது.

ஒரே ஆள் எத்தனை பட்டியலில்? ஒரு ஊரில் மூன்று அனஸ்தீசியா (மயக்க மருந்து) டாக்டர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தனியார் மருத்துவமனையின் பேரிடர்த் திட்டத்தில் அந்த மூன்று பெயர், ஐ.எம்.ஏ. பட்டியலில் மூன்று, செஞ்சிலுவைப் பட்டியலில் மூன்று. காகிதத்தில் பார்த்தால் ஒன்பது பேர் தயார். புயல் அன்று இருப்பது மூன்று பேர்தான், அவர்களும் சொந்த மருத்துவமனையில் நிற்பார்கள்.

இவற்றோடு மருந்து, வண்டி, துணை ஆள் யார் தருவது என்பதையும், உங்கள் சிறப்புத் துறைக்கு அங்கே வேலை இருக்கிறதா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

## வழி 1: மாவட்ட நிர்வாகத்தோடு சேர்வது

மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர் கலெக்டர். பருவமழை முன்னேற்பாட்டுக் கூட்டங்கள் பெரும்பாலும் செப்டம்பரிலேயே தொடங்கிவிடும். அதற்கு முன்பே கலெக்டருக்கும் மாவட்ட சுகாதார அலுவலருக்கும் ஒரு கடிதம் கொடுக்கலாம். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பதிவு எண், சிறப்புத் துறை, போன் நம்பர், எந்தெந்த நாள் வர முடியும், எது வரை பயணம் செய்ய முடியும், இவ்வளவு எழுதினால் போதும்.

மழைக்கு முன் இங்கே கிடைக்கும் நல்ல வேலை பயிற்சி கொடுப்பது. பேரிடர் நேரத்தில் உதவ ஊர்மக்களைத் தயார் செய்யும் ஆப்த மித்ரா திட்டத்தில் தன்னார்வலர்களுக்கு 12 நாள் பயிற்சி உண்டு. தாழ்வான பகுதிகளுக்கு முதல்நிலை மீட்பாளர்கள் என்று ஊர்க்காரர்களையே தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறார்கள். இவர்களுக்கு ரத்தக்கசிவை அழுத்தி நிறுத்துவது, நீரில் மூழ்கியவருக்கு மூச்சு கொடுப்பது, முதுகெலும்பு அடிபட்டவரைத் தூக்குவது போன்றவற்றைக் கையோடு செய்துகாட்ட ஒரு டாக்டர் வந்தால் பாடத்தின் தரமே மாறிவிடும். மழைக்குப் பிறகு நடமாடும் மருத்துவக் குழுவிலோ காய்ச்சல் முகாமிலோ போடுவார்கள். மருந்து அரசு கொடுத்துவிடும், வண்டியும் வரும். 73-ஆம் பிரிவின் பாதுகாப்பு இருக்கிறது என்று தைரியமாகச் சொல்லக்கூடிய வழி இதுதான். ஆனால் எழுத்துமூலமான உத்தரவோ கடிதமோ வாங்கிக்கொள்ளுங்கள், வாட்ஸ்அப்பில் வந்த "வாங்க டாக்டர்" போதாது.

மறைமுகச் செலவு என்று பார்த்தால், முதலில் காத்திருப்பு. அதிகாரி மாற்றலாகிப் போனால் உங்கள் கடிதமும் எங்கோ போய்விடும். ஒவ்வொரு வருடமும் புதிதாகக் கொடுக்க வேண்டும். அப்புறம், எங்கே போவது என்பதை அவர்கள்தான் முடிவு செய்வார்கள். எலும்பு முறிவு டாக்டர் நாள் முழுக்க சளிக்கும் சேற்றுப்புண்ணுக்கும் மருந்து எழுதிக்கொண்டிருக்க நேரலாம். அதில் எந்தக் கேவலமும் இல்லை, ஆனால் அவர் தன் மருத்துவமனையில் இருந்திருந்தால் கூடுதல் பயன் கிடைத்திருக்கும்.

அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை என்பேன். யாரைப் பார்த்தால் வேலை நடக்கும் என்று அவர்களுக்குத் தெரியும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் எந்த அலமாரியில் என்ன இருக்கும் என்பதும் தெரியும்.

## வழி 2: செஞ்சிலுவைச் சங்கம்

இந்தியச் செஞ்சிலுவைச் சங்கம் 1920-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உருவானது. மாநிலக் கிளைக்கு ஆளுநரும் மாவட்டக் கிளைக்குக் கலெக்டரும் தலைவர்கள். எனவே அரசோடு ஒட்டியும் இருக்கிறது, தனியாகவும் நிற்கிறது. கட்சிக் கொடி, சாதிச் சங்கப் பேனர் எதுவும் இல்லாமல் எல்லாத் தெருவுக்குள்ளும் போக முடிவது இதன் பெரிய பலம். ஊரில் ஒரு பூசல் இருக்கும் நேரத்தில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது களத்தில் நின்றவர்களுக்குத் தெரியும்.

மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை மதியம் மட்டும் ஒதுக்க முடிகிற டாக்டருக்கு இது மிகவும் பொருந்தும். முதலுதவி வகுப்பு, ஜூனியர் ரெட் கிராஸ் மாணவர்களுக்குப் பாடம், ரத்ததானம் என்று வருடம் முழுக்க மெதுவாக நடக்கிற வேலை. புயல் வாரத்தில் ரத்தம் கொடுக்க யாரும் வர மாட்டார்கள், வழி அடைபட்டிருக்கும். எந்தெந்த வகை ரத்தத்துக்கு யார் வருவார் என்ற பட்டியலை அக்டோபருக்கு முன்பே புதுப்பித்து வைப்பது சின்ன வேலைபோலத் தெரிந்தாலும், பிரசவத்தில் ரத்தப்போக்கு வந்த ஒரு பெண்ணுக்கு அதுதான் எல்லாம்.

குறை என்னவென்றால், கிளைக்குக் கிளை வித்தியாசம் அதிகம். செயலாளர் சுறுசுறுப்பானவர் என்றால் வருடம் முழுக்க வகுப்பு நடக்கும். இல்லையென்றால் ஆண்டு விழாவும் போட்டோவும்தான். சேரும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "போன பன்னிரண்டு மாதத்தில் எத்தனை முதலுதவி வகுப்பு நடத்தினீர்கள்?" பதில் சொல்லத் தயங்கினால் வேறு வழி பாருங்கள்.

## வழி 3: ஐ.எம்.ஏ. உள்ளூர்க் கிளை

1928-இல் தொடங்கிய இந்திய மருத்துவச் சங்கத்துக்குச் சிறிய நகரங்களில்கூடக் கிளை இருக்கிறது. ஒரு செய்தி போட்டால் பத்து நிமிடத்தில் இருபது டாக்டர்கள் பதில் சொல்வார்கள். இந்த வேகம் வேறு யாரிடமும் இல்லை.

ஆனால் மேலே சொன்ன இரட்டைக் கணக்குச் சிக்கல் அதிகமாக வருவதும் இங்கேதான். உறுப்பினர்களில் பலர் மருத்துவமனை நடத்துபவர்கள் அல்லது அங்கே வேலை செய்பவர்கள். வெள்ள நாளில் சொந்த இடத்தை விட்டு வர முடியாது, வரவும் கூடாது. இன்னொரு பிரச்சினை மருந்து. சாம்பிள் மருந்துகளைச் சேர்த்து மூட்டையாகக் கொண்டுபோய் முகாமில் கொட்டினால், பத்து விதமான ரத்த அழுத்த மாத்திரை இருக்கும், எதிலும் ஒரு வாரத்துக்கு மேல் ஒருவருக்குக் கொடுக்க அளவு இருக்காது. நன்கொடை மருந்து வந்து சேரும்போது குறைந்தது ஓராண்டு காலாவதி மிச்சம் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். சாம்பிள் மூட்டைகளில் பலவும் அதில் தேறாது.

அப்படியானால் ஐ.எம்.ஏ. எதற்கு? வேறு யாராலும் செய்ய முடியாத ஒரு வேலை அதனிடம் இருக்கிறது: ஊரில் உள்ள தனியார் மருத்துவமனைகளை ஒரு மேசையைச் சுற்றி உட்கார வைப்பது. 2015 டிசம்பரில் சென்னையில் ஒரு பெரிய தனியார் மருத்துவமனைக்குள் அடையாற்று வெள்ளம் புகுந்து ஜெனரேட்டர் நின்றுபோனதையும், அங்கே நோயாளிகள் இறந்ததையும் யாரும் மறந்திருக்க மாட்டோம். எந்த மருத்துவமனையில் ஜெனரேட்டர் தரைத்தளத்தில் இருக்கிறது? எத்தனை நாளுக்கு டீசல்? எங்கே டயாலிசிஸ் நடக்கும், எங்கே வென்டிலேட்டர் காலியாகும், ஒரு இடம் மூழ்கினால் நோயாளிகளை எந்த ரோடு வழியாக எங்கே மாற்றுவது? இதை ஒரு பக்கத்தில் எழுதி, எல்லா மருத்துவமனையும் கையெழுத்துப் போட்டு, 108 அலுவலகத்துக்கும் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கும் ஒரு நகல் கொடுத்தால், நூறு முகாமைவிட மேல். உங்கள் கிளை இதைச் செய்யத் தயார் என்றால் ஐ.எம்.ஏ.வைத் தேர்ந்தெடுங்கள். முகாம் மட்டும்தான் என்றால், சந்தா கட்டிவிட்டு நேரத்தை வேறிடத்தில் கொடுங்கள்.

## வழி 4: வெளியூருக்குக் குழு அனுப்பும் தொண்டு நிறுவனங்கள்

மும்பையில் டாக்டர்களே சேர்ந்து தொடங்கிய டாக்டர்ஸ் ஃபார் யூ, உலக அளவில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு போன்றவை இந்த வகை. 2010 ஹைட்டி நிலநடுக்கத்தின்போது தயாரிப்பில்லாத குழுக்கள் குவிந்த அனுபவத்துக்குப் பின், உலக சுகாதார நிறுவனம் 2013-இல் அவசர மருத்துவக் குழுக்களுக்குத் தர வரிசை கொண்டுவந்தது. அடிப்படை நிலையில் இருக்கும் நடமாடும் குழுகூட ஒரு நாளைக்குக் குறைந்தது 50 வெளிநோயாளிகளைப் பார்க்க வேண்டும், சாப்பாடு, தண்ணீர், தங்கும் இடம் எல்லாவற்றையும் தானே கொண்டுவர வேண்டும். நொந்துபோன ஊருக்குப் பாரமாகப் போகக் கூடாது என்பதுதான் அதன் அடிப்படை. நீங்கள் சேர நினைக்கும் நிறுவனம் இதை எப்படிக் கையாள்கிறது என்று கேட்டாலே அதன் தரம் புரிந்துவிடும்.

செலவு கண்ணுக்குத் தெரியும்: வாரக்கணக்கில் லீவு, கிளினிக் வருமானம் போவது, உங்கள் நோயாளிகளை இன்னொருவர் பார்ப்பது. கண்ணுக்குத் தெரியாதது மொழி. பீகார் வெள்ளத்தில் இந்தி தெரியாமல் போய் நின்றால், நோயாளி சொல்வதை இன்னொருவர் வழியாகத்தான் கேட்க வேண்டும். ஒரு டாக்டருக்கு அது கண்ணைக் கட்டிக்கொண்டு பரிசோதிப்பது போல. திரும்பி வந்த பின் தூக்கம் வராத நாட்களும் உண்டு. அதைப் பேச ஆள் வைத்திருக்கிற நிறுவனமா என்று பாருங்கள்.

இதன் மதிப்பை நான் குறைக்கவில்லை. எமர்ஜென்சி மெடிசின், அனஸ்தீசியா, சர்ஜரி முடித்துவிட்டு, அடுத்த வேலைக்குச் சேரும் முன் சில மாதம் கையில் வைத்திருக்கும் இளம் டாக்டருக்கு இது வாழ்க்கை முழுக்க உதவும் பயிற்சி. ஆனால் சொந்த ஊரின் முன்தயாரிப்பு என்ற கேள்விக்கு இது பதில் அல்ல.

## வழி 5: சொந்தத் தெரு, சொந்த ஊராட்சி

பெயர் இல்லாத, சான்றிதழ் இல்லாத வழி. நான் அதிகமாகப் பரிந்துரைப்பதும் இதைத்தான்.

வெள்ளம் வந்தால் என்ன ஆகிறது? இடிபாட்டில் சிக்கி அறுவை சிகிச்சை தேவைப்படுகிறவர்கள் நிலநடுக்கத்தில் அதிகம், நம் ஊர் மழை வெள்ளத்தில் ஒப்பிட்டால் குறைவு. மாத்திரைப் பெட்டி தண்ணீரில் போன சர்க்கரை நோயாளி, டயாலிசிஸ் தவறிய சிறுநீரக நோயாளி, கரண்ட் போனதால் ஆக்ஸிஜன் மெஷின் நின்ற முதியவர், வலிப்பு மருந்து தீர்ந்துபோன பிள்ளை, ஒன்பதாம் மாதக் கர்ப்பிணி. இவர்கள் யார், எந்த வீடு என்று முன்பே தெரிந்திருந்தால் பாதி வேலை முடிந்தது. அதை வெளியூர்க் குழு எதுவும் வந்து கண்டுபிடிக்க முடியாது. அந்தத் தெருவில் இருக்கிற டாக்டருக்குத்தான் தெரியும்.

செப்டம்பரில் உட்கார்ந்து இப்படி ஒரு பட்டியல் போடலாம்.

டயாலிசிஸ் நோயாளிகளிடம், புயல் எச்சரிக்கை வந்தால் முறை வரும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே ஒரு தடவை செய்துகொள்ளச் சொல்லி, அதற்கு அவர்களின் மையத்திடமும் பேசி வைக்க வேண்டும். நிவாரணமாக வரும் இளநீரும் வாழைப்பழமும் பொட்டாசியம் நிறைந்தவை, அவர்களுக்கு ஆகாது என்பதை வீட்டாருக்கு அழுத்திச் சொல்ல வேண்டும். இன்சுலின் போடுபவர்களுக்கு, பிரிட்ஜ் ஓடாவிட்டாலும் திறந்த பாட்டில் வெயில் படாத குளுமையான இடத்தில் சுமார் நான்கு வாரம் தாங்கும், ஈரமான மண்பானை போதும் என்று தெரிந்தால் பயந்துபோய் ஊசியையே நிறுத்த மாட்டார்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, வலிப்பு, மனநோய் மருந்து எடுப்பவர்களிடம் இரண்டு வார மாத்திரையும் மருந்துச் சீட்டின் நகலும் ஒரு பிளாஸ்டிக் பையில் தனியாக இருக்க வேண்டும். வீட்டுக்கே மருந்து தரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வழியாக மாத்திரை வாங்குகிறவர்களுக்கு அடுத்த தவணையைக் கொஞ்சம் முன்னதாகத் தர முடியுமா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

கர்ப்பிணிகளைப் பொறுத்தவரை கிராம சுகாதார செவிலியரிடம் பிரசவத் தேதியோடு பட்டியல் இருக்கும். தேதி நெருங்கியவர்களைப் புயலுக்கு முன்பே மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வழக்கமும் சுகாதாரத் துறையில் இருக்கிறது. "இன்னும் நாள் இருக்கு" என்று கிளம்ப மறுக்கும் மாமியாரிடம் பேசுவதற்கு, அந்தக் குடும்பத்துக்குப் பழக்கமான டாக்டர் ஒருவர் கூட வந்தால் அந்தச் சிஸ்டருக்கு எவ்வளவு பலம் என்று நினைத்துப் பாருங்கள்.

வெள்ளத்துக்குப் பின் பாம்பு வீட்டுக்குள் வரும். எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் விஷமுறிவு மருந்து இருப்பில் இருக்கிறது, அந்த ரோடு மூழ்கினால் அடுத்தது எது என்பதை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். சேற்றில் இறங்கி வேலை செய்யும் தூய்மைப் பணியாளர்களுக்கு எலிக் காய்ச்சல் தடுப்புக்கு வாரம் ஒரு முறை டாக்ஸிசைக்ளின் 200 மில்லிகிராம் தருவதை 2018 வெள்ளத்தில் கேரளம் பெரிய அளவில் செய்தது. யாருக்குத் தரலாம், கர்ப்பிணிக்கும் சின்னக் குழந்தைக்கும் ஏன் கூடாது என்பதைச் சுகாதார ஆய்வாளரோடு முன்பே பேசி வைத்துக்கொள்ளலாம்.

இந்த வழியின் செலவுகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். போன் நம்பர் கொடுத்துவிட்டால் நடுராத்திரி அழைப்பு மழைக்காலத்தோடு நிற்காது. இலவச ஆலோசனை என்ற எதிர்பார்ப்பு வருடம் முழுக்க ஒட்டிக்கொள்ளும். பட்டியல் என்பது நோயாளிகளின் ரகசியம். சம்மதம் கேட்டு வாங்கி, காகிதத்தில், இரண்டு பேர் கையில் மட்டும் இருக்க வேண்டும். தெரு வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவரின் மனநோயோ காசநோயோ வெளியே வந்துவிட்டால் அந்தத் தீங்கை எந்தச் சேவையாலும் ஈடுகட்ட முடியாது.

இன்னொன்று, எனக்கு மிக முக்கியமாகப் படுவது. "நம் ஊர்" என்று பட்டியல் போடும்போது காலனியும், இருளர் குடியிருப்பும், ஆற்றோரக் குடிசைகளும் விட்டுப்போகின்றன. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் மாவட்டத்தில் தலித் குடும்பங்கள் நிவாரணத்தில் ஒதுக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்திருக்கின்றன. தண்ணீர் முதலில் ஏறுவது பெரும்பாலும் அந்தக் குடியிருப்புகளில்தான். பட்டியலை அங்கிருந்து தொடங்குங்கள், பிறகு நம் தெருவுக்கு வரலாம்.

சட்டப் பாதுகாப்பு இந்த வழியில்தான் மிகக் குறைவு. அதனால் பட்டியல், பயிற்சி, அறிவுரை, இணைத்துவிடுவது என்பதோடு நிறுத்திக்கொண்டு, சிகிச்சை என்று வரும்போது அரசு ஏற்பாட்டுக்குள்ளோ உங்கள் மருத்துவமனைக்குள்ளோ செய்வது நல்லது. உங்கள் தொழில்முறைக் காப்பீடு கிளினிக் முகவரிக்கு வெளியே செல்லுமா என்று ஏஜென்ட்டிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

## ஒரே பார்வையில்

| | மழைக்கு முன் வேலை | சட்டப் பாதுகாப்பு | மருந்து, வண்டி | நேரம் | மறைமுகச் செலவு |
|---|---|---|---|---|---|
| மாவட்ட நிர்வாகம் | பயிற்சி தருவது | உத்தரவு இருந்தால் வலுவானது | அரசு தரும் | அழைக்கும்போது | காத்திருப்பு, ஆண்டுதோறும் புதுப்பிப்பு |
| செஞ்சிலுவை | ஆண்டு முழுக்க | நிர்வாகம் அழைத்த கடிதம் இருந்தால் நல்லது | ஓரளவு | மாதம் சில மணி நேரம் | கிளையின் தரம் மாறும் |
| ஐ.எம்.ஏ. | மருத்துவமனைகளை இணைப்பது | தனியாக இல்லை | உறுப்பினர்களே | கூட்டங்கள் | இரட்டைக் கணக்கு, சாம்பிள் மருந்து |
| வெளியூர்க் குழு | குறைவு | நிறுவனத்தைப் பொறுத்தது | நிறுவனம் | வாரங்கள், மாதங்கள் | வருமானம், மொழி, மனச்சோர்வு |
| சொந்தத் தெரு | மிக அதிகம் | மிகக் குறைவு | நீங்களே | சிறிது சிறிதாக, நிற்காமல் | இரவு அழைப்பு, ரகசியக் காப்பு |

## யாருக்கு எது

மருத்துவமனையில் வேலை செய்யும் சர்ஜன், எலும்பு, அனஸ்தீசியா, ஐ.சி.யூ. டாக்டர்களுக்கு: புயல் நாளில் உங்கள் இடம் உங்கள் மருத்துவமனைதான். வேறு எந்தப் பட்டியலிலும் அந்த நாளுக்குப் பெயர் கொடுக்காதீர்கள். மழைக்கு முன்னால் ஐ.எம்.ஏ. வழியாக மருத்துவமனைகளை இணைக்கும் வேலையைச் செய்யுங்கள். அனஸ்தீசியா டாக்டர்கள் பொதுமக்களுக்கு மார்பை அழுத்தி உயிர் காக்கும் முறையைக் கற்றுத் தருவது, அரை நாளில் ஒரு தெருவையே தயார் செய்யும் வேலை.

கிளினிக் நடத்தும் பொது மருத்துவருக்கு ஐந்தாவது வழி. உங்கள் நோயாளிகளே உங்கள் பட்டியல். புயலுக்கு மறுநாள் கிளினிக்கைத் திறந்து வைப்பதே பெரிய சேவை. அதை மூடிவிட்டு வேறு ஊர் முகாமுக்குப் போவதில் எனக்கு உடன்பாடில்லை.

குழந்தை, மகப்பேறு, சரும மருத்துவர்களுக்கு முகாம்களில் உண்மையிலேயே வேலை அதிகம். அவர்கள் முதல் வழியில் பெயர் கொடுக்கலாம். மனநல மருத்துவர்கள் முகாமில் போய் உட்கார்வதைவிட, ஆசிரியர்களுக்கும் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் மனநல முதலுதவி கற்றுத் தருவது நீண்ட பலன் தரும். சுனாமிக்குப் பின் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் உள்ளூர்ப் பணியாளர்களுக்குப் பயிற்சி தந்து செய்ததும் இதுபோன்ற வேலைதான்.

குழந்தைகளையோ வயதான பெற்றோரையோ பார்த்துக்கொள்ள வேண்டிய, பிராக்டீஸை நிறுத்தி வைத்திருக்கும் டாக்டர்கள் "என்னால் என்ன முடியும்" என்று தயங்குகிறார்கள். செஞ்சிலுவை வகுப்பும் தெருப் பட்டியலும் உங்களுக்காகவே இருப்பவை. வீட்டை விட்டு இரவு தங்கத் தேவையில்லை.

அரசு டாக்டர்கள் ஏற்கெனவே பேரிடர்ப் பணியில்தான் இருக்கிறார்கள், அவர்களிடம் கூடுதலாகக் கேட்பது நியாயமில்லை. ஹவுஸ் சர்ஜன்களுக்குத் தற்காலிகப் பதிவு மட்டுமே இருப்பதால் தனியாகச் சிகிச்சை தர முடியாது. பட்டியல் எடுப்பதிலும் முதலுதவி வகுப்பிலும் சீனியர் ஒருவரோடு சேரலாம்.

இரண்டு கேள்விக்கும் பதில் தேர்ந்தெடுத்த பிறகு, புயல் நாளுக்கு நீங்கள் கணக்கில் இருக்கும் ஒரே இடத்தை மற்ற அமைப்புகளுக்கும் சொல்லி, அங்கெல்லாம் உங்கள் பெயரை அந்த நாளுக்கு அடிக்கச் சொல்லுங்கள். ஐந்தாவது வழியை எடுத்தவர்களுக்கு ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைக் கூட்டங்கள் நல்ல வாய்ப்பு. ஊராட்சி நிர்வாகத்திடம் முன்பே பேசி, மருத்துவ முன்னேற்பாட்டை ஒரு தீர்மானமாகக் கொண்டுவந்தால், ஊராட்சிக்காகச் செய்கிறீர்கள் என்பதற்கு ஒரு பதிவாவது இருக்கும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, ஆம்புலன்ஸ் 108. இந்த எண்களைப் போனில் பதிந்துகொள்ளும்படி கிராம சபைக் கூட்டத்தில் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள்.